‘இன்னொரு தடவை போடு’: ஒரு விளையாட்டும் நான்கு தையலும்

பிப்ரவரி மாதக் கடைசி. தாளடி அறுவடை முடிந்து, வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் வயலில் உருண்டுகொண்டிருந்த நேரம். மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊர். அங்கே ஒரு தொடக்கப் பள்ளி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாம் வகுப்புப் பையன்கள் நால்வரும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் கரைக்குப் போயிருக்கிறார்கள். கால் மணி நேரம் கழித்து அலறல் கேட்டு முதலில் ஓடியவர் சத்துணவு அமைப்பாளர். மூன்றாம் வகுப்புப் பையன் மண்டியிட்டபடி இருந்தான். பிடரியிலிருந்து சட்டைக் காலர் வரை ரத்தம். பின்னால் நின்ற ஐந்தாம் வகுப்புப் பையனின் கையில் காய்ந்த பனைமட்டை.

பனைமட்டையைக் கையாண்டவர்களுக்குத் தெரியும், அதன் இரு விளிம்பிலும் கருக்கு இருக்கும். ரம்பப் பல்போலக் கறுத்து, கூராக. கவனமில்லாமல் உருவினால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். இங்கே கழுத்தைக் கிழித்திருந்தது. காயம் ஆழமில்லை, நீளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு தையல் போட்டு, தடுப்பூசியும் போட்டு அனுப்பினார்கள்.

நான் ஆற்றுப்படுத்துநர். பள்ளிக் குழந்தைகளோடு பேசுவதுதான் வேலை. தலைமையாசிரியை என்னை அழைத்தது நான்காம் நாள். அதற்குள் சின்னவனின் உறவினர்கள் ஒரு முறை காவல் நிலையம்வரை போய், வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். மட்டையை வீசியவனுக்குப் பத்து வயது. ஏழு வயது நிறையாத குழந்தையின் செயல் நம் சட்டப்படி குற்றமே ஆகாது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு, தான் செய்வதன் தன்மையும் விளைவும் புரியும் அளவுக்கு முதிர்ச்சி இருந்ததா என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். ‘புரிந்ததா, இல்லையா’ என்று நான் சொல்ல வேண்டும் என்பதே ஊரின் எதிர்பார்ப்பு. அதை நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையிலும் சொல்லப்போவதில்லை.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், இத்தகைய குழந்தைகளை அடையாளம் காட்டுவதைத் தடை செய்கிறது. ஆகவே ஊர்ப் பெயர் இல்லை; சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அடித்தவனைப் பெரியவன் என்றும் அடிபட்டவனைச் சின்னவன் என்றும் குறிப்பிடுகிறேன். ஒருவனுக்குப் பத்து, மற்றவனுக்கு எட்டு என்பதால் இந்தப் பெயர்களைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும். வரட்டும்.

எல்லோருக்கும் வசதியான பதில்

பள்ளியின் அறிக்கை அரைப் பக்கம். அதில் இரண்டு வரிகள் முக்கியமானவை. ‘கைபேசி விளையாட்டின் தாக்கத்தால் மாணவன் இவ்வாறு நடந்துகொண்டதாகத் தெரிகிறது’ என்பது ஒன்று. ‘உடனிருந்த மாணவர்கள், போடு, இன்னொரு தடவை போடு என்று தூண்டியுள்ளனர்’ என்பது மற்றொன்று.

முதல் வரியை ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. ஆசிரியர்களுக்கு அதில் நிம்மதி, ஏனென்றால் கைபேசி பள்ளியில் இல்லை. பெரியவனின் தாய்க்கும் நிம்மதி. மகன் கெட்டவன் இல்லை, போன்தான் கெட்டது. சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் தந்தை வீடியோ அழைப்பில் வந்து, “இனிமேல் அவனுக்குப் போன் கிடையாது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பைக் கேட்கவும் மகனுக்குப் போனைத்தான் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் போன் வந்த கதையும் புதியதில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி 2019ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தாலும், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அது வராத வீடு படிக்காத வீடு என்று ஆனது. நகையை அடகு வைத்து வாங்கினார்கள். கடன் வாங்கி வாங்கினார்கள். பள்ளிகள் திறந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை.

பெரியவன் துப்பாக்கி விளையாட்டு ஆடுவான், உண்மைதான். நானும் முதலில் அந்தத் தடத்தில்தான் போனேன். இரண்டு நாள் அந்த விளையாட்டைப் பற்றியே அவனிடம் கேட்டேன். எந்தத் துப்பாக்கிக்கு என்ன வேகம், எந்த வீட்டு மாடியில் ஒளிந்தால் யாருக்கும் தெரியாது என்று உற்சாகமாகச் சொன்னான். அதில் மண்டியிடுதல் இல்லை. கழுத்து இல்லை. பின்னால் நின்று ஓங்குதலும் இல்லை.

ஆராய்ச்சி உலகமும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கொலம்பியா மாவட்டத்தில் 1960இல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் லெனார்ட் எரான் தொடங்கிய ஆய்வை, பின்னர் ரோவல் ஹூஸ்மனும் சேர்ந்து பல்லாண்டுகள் நீட்டித்தார். சிறு வயதில் வன்முறை நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்த்த ஆண்பிள்ளைகள் பத்தாண்டு கழித்து மற்றவர்களைவிட மூர்க்கமாக இருந்தார்கள் என்று அது காட்டியது. மறுபக்கம், 2019இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 14, 15 வயதுள்ள சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வன்முறை விளையாட்டுகளுக்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல் சொன்னதை 2020இல் திருத்திச் சொன்னது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் நிஜமான வன்செயலுக்கு விளையாட்டைக் காரணமாக்க ஆதாரம் போதாது. ஆக, அறிக்கையின் முதல் வரியில் ‘தெரிகிறது’ என்று எழுதியவருக்கு, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

இரண்டாவது வரியை நான் கேள்வியே கேட்கவில்லை. அங்கேதான் சறுக்கினேன்.

ஓட்டுத் துண்டு

ஆறாம் நாள், உடனிருந்த மூவரையும் தனித்தனியே வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போய், “யார் எங்கே நின்றீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. முதல் இருவரும் ஆட்டத்தில் பைக் ஓட்டி வருவதுபோல் நடித்தவர்கள். எங்கிருந்து வந்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று காட்டினார்கள். மூன்றாமவன் ஐந்தடி தள்ளி, பக்கவாட்டில் போய் நின்றான். குனிந்து, மண்ணிலிருந்து உடைந்த நாட்டு ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, முகத்துக்கு முன்னால் இரு கையாலும் பிடித்தான்.

“நீ யார்?”

“வீடியோ எடுக்கிறவன், டீச்சர்.”

சினிமாச் சண்டையைப் பார்த்து ஆடும் பிள்ளைகளை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒருவன் கதாநாயகன், மற்றவர்கள் அடி வாங்குகிறவர்கள். படம் எடுக்கிறவன் என்ற பாத்திரம் அதில் இருந்ததே இல்லை, ஏனென்றால் திரையில் அவன் தெரிய மாட்டான். இந்தப் பையன்கள் ஆடியது அவன் தெரிகிற ஒன்றை. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று எடுத்த, நிஜமான ஒன்றை.

“எடுக்கிறவனின் நிழல் தரையில் தெரியும், டீச்சர். கை இப்படி இருக்கும்” என்றான் அவன். அந்தப் பாத்திரத்துக்குத்தான் நால்வருக்கும் போட்டி இருந்திருக்கிறது. அன்றைக்கு அது அவன் முறை.

பிறகு அவனே ‘போடு’வை விளக்கினான். அறிக்கை எழுதிய ஆசிரியரும் நானும், ஏன், ஊரே அந்தச் சொல்லை ‘அடி’ என்று புரிந்துகொண்டிருந்தோம். ஒரே ஒரு போடு போட்டான் என்கிறோமே, அந்தப் போடு. பையன்கள் சொன்னது அது இல்லை. வீடியோவைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ‘இன்னொரு தடவை போடு’ என்றால் முதலிலிருந்து மறுபடி ஓட்டு என்று பொருள். அப்படிச் சொன்னதும் சின்னவன் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, வேப்பமரத்தடிக்குப் போய், அங்கிருந்து நடந்து வர வேண்டும். இரண்டு பைக்குகளும் உறுமிக்கொண்டு வரும். அவன் ஓட வேண்டும், விழ வேண்டும், மண்டியிட வேண்டும். மட்டை காற்றில் இறங்கும். ஓட்டுத் துண்டு அதைப் பிடிக்கும். “இன்னொரு தடவை போடு.” மறுபடி வேப்பமரம்.

மூன்றாம் தடவை சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய பையன்கள் தன்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்ற மகிழ்ச்சியாக இருக்கலாம். சிரித்தால் வீடியோ கெட்டுவிடும் என்று ஓட்டுத் துண்டுக்காரன் சொல்லியிருக்கிறான். நான்காம் தடவை மட்டை கழுத்தில் பட்டது.

சலூன்

வீடியோ எங்கே பார்த்தது என்று பெரியவனிடம் கேட்டபோது, உடனே சொன்னான். மறைக்க வேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கடைத்தெரு சலூனில்.

அந்த இடத்தை நான் போய்ப் பார்த்தேன். ஒரு நாற்காலி, எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, பின்னால் சுவரோரம் ஒரு பெஞ்சு. சிறுவர்கள் வந்தால் நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் குறுக்கே பலகை போட்டு உட்கார வைப்பார்கள். பெரியவன் அந்தப் பலகை மேல், கழுத்தில் துணி கட்டி, தலையை அசைக்கக் கூடாது என்ற கட்டளையோடு இருந்திருக்கிறான். பார்ப்பதற்குக் கண்ணாடி மட்டும்தான். கண்ணாடியில் பெஞ்சு தெரியும். பெஞ்சில் நான்கு பேர் ஒரு போனை நோக்கிக் குனிந்திருந்தார்கள். போனின் திரை அவனுக்குத் தெரியவில்லை, முகங்கள் தெரிந்தன. பைக் சத்தம், ஓர் அலறல், பிறகு அமைதி. “இன்னொரு தடவை போடு” என்றார் ஒருவர். மறுபடி பைக் சத்தம்.

“எத்தனை தடவை?” என்றேன்.

“என் தலை முடியும்வரை, டீச்சர்.”

அவன் இறங்கி, சித்தப்பா சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தபோது, பெஞ்சில் இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்திலிருந்தவர் போனை அவன் பக்கமும் சாய்த்துப் பிடித்திருக்கிறார். “பார்த்துக்கொள், துரோகம் செய்தால் இதுதான் நடக்கும்” என்று அறிவுரையும் சொல்லியிருக்கிறார். கொல்லப்பட்டவர் யார், எந்த ஊர், யாருக்கு என்ன துரோகம் செய்தார் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது. பின்னர் விசாரித்தபோது ஒருவர் ஓர் ஊரையும் இன்னொருவர் வேறோர் ஊரையும் சொன்னார்கள்.

நான் அந்த வீடியோவைத் தேடவில்லை. ஆய்வு முழுமையாக அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். எனக்கு அது இன்னொரு தடவை போடுவதாகத் தோன்றியது.

ஊடக வன்முறை என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மைக்குப் போய்விடுவார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1961இல் 72 மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை அது. காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிக்கும் பெரியவரைப் பார்த்த குழந்தைகள், தனியே விட்டதும் அதே மாதிரி அடித்தார்கள். நம் பட்டிமன்றங்களில்கூட இது வந்துவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவரே 1965இல் செய்த அடுத்த சோதனை. இம்முறை படத்துக்கு மூன்று முடிவுகள். ஒன்றில் அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும்; ஒன்றில் திட்டும் அடியும்; ஒன்றில் எதுவுமில்லை. அடித்தவர் தண்டிக்கப்பட்டதைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அதைச் செய்தார்கள். ஆனால், ‘பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு’ என்றதும் மூன்று கூட்டமும் ஒரே அளவுக்குச் செய்து காட்டின. எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதே அதன் பொருள். வெளியே வருவதும் வராததும், அதற்குக் கிடைக்கும் மரியாதை என்ன என்று குழந்தை கணக்குப் போட்டு வைத்திருப்பதைப் பொறுத்தது.

டேவிட் ஹிக்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கிட்டத்தில் வருகிறது. குழந்தையோடு உட்கார்ந்து அந்த மாதிரிப் படத்தைப் பார்க்கும் பெரியவர் மெச்சிப் பேசினால் என்ன ஆகும், கண்டித்துப் பேசினால் என்ன ஆகும் என்று பார்த்தார். அந்தப் பெரியவர் பிறகும் அறையில் இருந்தவரை குழந்தைகள் அவர் பேச்சின் திசையில் போனார்கள். அவர் இல்லாத அறையில் அந்த வேறுபாடு காணவில்லை.

வாய்க்கால் கரையில் பெரியவர்கள் இல்லையே என்று கேட்கலாம். ஓட்டுத் துண்டு இருந்ததே! பெஞ்சிலிருந்த நான்கு பேரின் கண்களையும் அந்தப் பையன் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் பேச்சையும் அவனே பேசினான்.

சலூன்காரர் மனம் நொந்து போயிருந்தார். “வருகிறவர்கள் கையில் இருப்பதை நான் எப்படிப் பிடுங்க முடியும், அம்மா?” என்றார். அவர் மகளும் அதே வீடியோவைப் பார்த்துவிட்டாளாம், தாயின் போனில். மகளிர் சுய உதவிக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்ததாம், தவணை கட்ட வேண்டிய தேதிக்கும் கோலப் போட்டி அறிவிப்புக்கும் நடுவில்.

திரையரங்குக்கு வரும் படத்துக்குச் சான்றிதழ் உண்டு. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய படங்களை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுவாரியாகப் பிரிக்கிறது. முப்பது நொடிக் கொலைக்கு எந்தக் குழுவும் சான்றிதழ் தருவதில்லை. 2018இல் குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவி, திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண் ஒருவரை ஊரே அடித்துக் கொன்றது. நாட்டின் வேறு பகுதிகளிலும் இப்படியே நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. 2020இல், பல முறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. பெஞ்சில் நான்கு பேர் தோளோடு தோள் உரசிப் பார்ப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாது.

கொடூரமான காட்சி இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. பாபநாசம் பக்கத்தில் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில், தூணைப் பிளந்து வரும் நரசிம்மத்தைப் பிள்ளைகள் தாத்தா மடியில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்திருக்கிறார்கள். அந்த முகமூடி பூஜையில் இருப்பது. அணிபவர் விரதம் இருப்பார். ஆவேசம் வந்தால் இழுத்துப் பிடிக்க ஆட்கள் நிற்பார்கள். சுற்றியிருக்கும் பெரியவர்கள் கைகூப்பி நிற்பார்கள். பழையது எல்லாம் நல்லது என்று சொல்ல இதை எழுதவில்லை. சலூன் பெஞ்சின் முகங்களையும் அந்த முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பயம்

பெரியவனின் அப்பாயிதான் அடுத்த கதவைத் திறந்தார். “இவன் பத்து நாளாக விளக்கை அணைக்க விடுவதில்லை, அம்மா. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான்” என்றார், பையனுக்குக் கேட்காதபடி. பத்து நாள் என்பது மட்டை சம்பவத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் போய் நின்றது.

பள்ளிக்கு வரும் குறுக்கு வழியில் ஒரு மூங்கில் கொல்லை இருக்கிறது. அவன் அந்த வழியை விட்டு, கொள்முதல் நிலையத்தைச் சுற்றி, நெல் லாரிகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தான். “லாரிக்கு நடுவில் பயமில்லையா?” என்றேன். “லாரி நேராக வரும், டீச்சர். பைக்தான் பின்னால் வரும்” என்றான்.

அடித்தவனைக் குறித்து என் மனத்தில் இருந்த படம் அந்த இடத்தில் மாறியது. அவன் வன்முறையில் ருசி கண்டவன் இல்லை. பயந்து போனவன். 1976 ஜூலையில் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற ஊரில், பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகளைக் கடத்தி, மண்ணுக்குள் புதைத்த வண்டியில் அடைத்து வைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து சந்தித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்கள் கடத்தலையே திரும்பத் திரும்ப விளையாடியதைக் கவனித்தார். சாதாரண விளையாட்டு மனத்தை லேசாக்கும். இந்த விளையாட்டு லேசாக்குவதில்லை, அதனாலேயே நிற்பதும் இல்லை. கூட விளையாட இழுக்கப்படும் மற்றப் பிள்ளைகளுக்கு அதில் ஆபத்தும் உண்டு என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

நிகழ்வில் சிக்கிய பிள்ளைகளுக்கு அது சரி, போனில் பார்த்தவனுக்குமா என்றார் தலைமையாசிரியை. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பை அடுத்து அலிசன் ஹோல்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவை அவரிடம் சொன்னேன். அந்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அதே செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் காணப்பட்ட கடும் மன அழுத்தம், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களிடம் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கும்பகோணம் தீ விபத்தின்போது எனக்குப் பன்னிரண்டு வயது, மேடம்” என்றார். 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். அவர் வீடு வலங்கைமான் பக்கம். தீயை அவர் பார்க்கவில்லை. வாழையிலையில் கிடத்தப்பட்ட உடல்களைத் தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் பார்த்தார். அதற்குப் பிறகு ஓர் ஆண்டு, கீற்றுக் கொட்டகையில் நடந்த டியூஷனுக்குப் போக மறுத்து அடி வாங்கியிருக்கிறார். அறிக்கையில் ‘தெரிகிறது’ என்று எழுதியது அவர்தான். அன்று மாலை அந்தத் தாளை என்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார்.

பெரியவனிடம் நான் செய்தது அதிகமில்லை. மூங்கில் கொல்லை வழியாக அவனோடு ஐந்து நாள் நடந்தேன். மூன்றாம் நாள் அவனே முன்னால் போனான். ஓட்டுத் துண்டுக்காரனையும் மற்ற இருவரையும் உட்கார வைத்து, அந்த ஆட்டத்தில் இன்னும் யாரைச் சேர்க்கலாம் என்று கேட்டேன். போலீஸ் என்றார்கள். ஆம்புலன்ஸ் என்றார்கள். “வீடியோ எடுக்கிறவன் கூப்பிட்டால்தானே ஆம்புலன்ஸ் வரும்?” என்று ஒருவன் சொல்ல, ஓட்டுத் துண்டுக்காரன் அழுதுவிட்டான். நான் எதிர்பார்க்கவில்லை, அவனை அழவைப்பது என் நோக்கமும் இல்லை. அடுத்த நாள் காய்ச்சல் என்று பள்ளிக்கு வரவில்லை. ஆற்றுப்படுத்துநரின் கேள்வியும் கருக்கு மட்டைபோலச் சில நேரம் எங்கேயோ இழுத்துவிடுகிறது.

யார் மண்டியிடுவது

சின்னவனின் தாய் நெல் தூற்றும் வேலைக்குப் போகிறவர். கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடியே என்னோடு பேசினார். சலூன், வீடியோ, பயம், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி. நாலு தடவையும் என் பிள்ளை ஏன் மண்டி போட்டான்?” என்றார்.

பையன்கள் படமெடுக்கும் வேலையை முறை போட்டுப் பகிர்ந்துகொண்டார்கள். பைக் ஓட்டுவதையும் மாற்றிக்கொண்டார்கள். மண்டியிடுவதற்கு முறை இல்லை. அது எப்போதும் சின்னவன்தான். வயதில் இளையவன் என்பதால் என்று நால்வரும் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பில் அவர்கள் தெருப் பையன்கள் இருவர் இருக்கிறார்கள், அவர்களை அழைக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவனை அழைத்தார்கள். ஏன் என்று கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை. மறைக்கவில்லை, உண்மையாகவே தெரியவில்லை. காட்சியை வீடியோ கொடுத்தது. பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தது வேறொன்று.

இதைச் சொன்னதும் பள்ளியில் ஒரு ஆசிரியர், “அந்தக் காலத்தில் இப்படிக் கிடையாது, எல்லாம் டிவியும் போனும் வந்த பிறகுதான்” என்றார். சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவில், இந்த டெல்டாவின் கீழவெண்மணியில் கூலித் தகராறில் 44 தலித் மக்களைக் குடிசைக்குள் எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எரித்தவர்கள் எந்தத் திரையைப் பார்த்துக் கற்றார்கள்? அந்த ஆசிரியர் அதைச் சின்ன வயதில் கேள்விப்பட்டவர்தான். பேச்சை மாற்றினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டியபோதும் முதல் சில நாள் சினிமாவைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிற்றையும் நெற்றிக் குறியையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிறு எந்தப் போனிலிருந்தும் இறங்கி வருவதில்லை. வீட்டிலிருந்து யாரோ கட்டி அனுப்புவது.

திரை எதுவுமே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவன் சலூனுக்குப் போகாமல் இருந்திருந்தால் சின்னவனின் பிடரியில் தழும்பு இருந்திருக்காது. அதே சமயம், அந்த முப்பது நொடிகளை ஒழித்துவிட்டால் சின்னவனின் தாய் கேட்ட கேள்வி ஒழிந்துவிடாது.

கூட்டம்

மார்ச் மாதம் பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். “அந்த வீடியோ யார் யார் போனில் வந்தது?” என்று கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. “யார் போனில் இன்னும் இருக்கிறது என்று கேட்கவில்லை, வந்ததா என்றுதான்” என்றேன். சலூன்காரர் முதலில் தூக்கினார். பிறகு மகளிர் குழுத் தலைவி. பிறகு கைகள் எழுந்துகொண்டே இருந்தன. சித்தப்பாவும் தூக்கினார். போனைச் சாய்த்துப் பிடித்தவர் வரவில்லை.

இரவில் வீட்டில் போன்களை ஓரிடத்தில் வைப்பது, குழுக்களில் இத்தகைய வீடியோ வந்தால் அனுப்பியவரைப் பெயர் சொல்லிக் கேட்பது, சிக்கல் வந்தால் 1098 எண்ணை அழைப்பது என்று மூன்று தீர்மானங்கள். போன்களை ஓரிடத்தில் வைக்கும் தீர்மானம் ஒரு வாரம்கூட நிற்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து கணவர்கள் அழைக்கும் நேரம் இரவுதான். மற்ற இரண்டில் ஒன்று மட்டும் கொஞ்சம் வேலை செய்தது. மகளிர் குழுவில் ஒரு விபத்துக் காட்சி வந்தபோது, “இது எந்த ஊர், யார் பிள்ளை என்று தெரியுமா அக்கா?” என்று ஒருவர் கேட்டாராம். அனுப்பியவர் அழித்துவிட்டாராம்.

கூட்டத்தின் முடிவில் சின்னவனின் தாய் எழுந்து, என்னிடம் கேட்டதையே எல்லோர் முன்னாலும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. தேநீர் வந்தது.

ஜூலையில், வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு, மறுபடி போனேன். பெரியவன் ஆறாம் வகுப்புக்காக வேறு பள்ளிக்கு மாறியிருந்தான். விளக்கை அணைத்துத் தூங்குகிறான் என்றார் அப்பாயி. சின்னவன் நான்காம் வகுப்பு. பிடரி மறையும்படி முடியை வளர்த்திருந்தான். சலூனுக்குப் போக மறுக்கிறான். தந்தை வீட்டுத் திண்ணையில் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார், கோணல்மாணலாக.

தலைமையாசிரியையிடம் மார்ச் மாதக் கூட்டத்தின் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். வருகைப் பட்டியல், கையெழுத்துகள், மூன்று தீர்மானங்கள், கழிப்பறைக் கதவு பழுது. அந்தத் தாயின் கேள்வி இல்லை.

“இது விட்டுப்போயிருக்கிறது, டீச்சர்” என்றேன்.

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்து, பக்கத்தின் அடியில் இருந்த இடத்தை ஒரு முறை பார்த்தார்.

“எழுதிவிடலாம், மேடம். எந்தப் பொருளின் கீழ் எழுதுவது?” என்றார்.